கடற்கரைச் சாலையிலே

கோடை விடுமுறை வந்தால் உபாத்தியாயர்களுக்கு ஒரு வியாதி வந்து சேரும். பத்து மாதம் பூகோளப் படத்தில் கோலை வைத்துக் காட்டிய ஊர்களையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்னும் வியாதிதான் அது. கையில் பணம் இல்லாதபடியால் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். இந்த வருஷம் எங்களுக்கு அது குணமாகவில்லை. பழைய மோட்டார் வண்டி ஒன்று மலிவாகக் கைக்கு வந்திருந்தது; எங்கள் குமாரன் திருச்சிராப்பள்ளியில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான். ஆகவே, கலியாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, நாங்கள் இருவர் மாத்திரம் சென்னையிலிருந்து வேதாரண்யம் வரையில் கடலோரமாகவே போய் வருவதென்று தீர்மானித்தோம். ஒரு வழிக்குச் சுமார் 350 கிலோமீட்டர்.

புறப்படும்போதே ஒரு தகராறு. தெற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம். முன் ஆசனத்தில் ஓட்டுகிறவருக்கு இடப்புறந்தான் நம் சகதர்மிணிக்கு உரிய ஸ்தானம். அவளோ பின் ஆசனத்தில், வலது பக்கத்து மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "முன்னால் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும்" என்றாள். கத்திரி வெயில் எந்தப் பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயம். வழியில் எங்களைப் பார்த்தவர்கள், வாடகை வண்டிக்காரர் ஒருவர் சவாரி ஏற்றிக்கொண்டு போகிறார் என்றே எண்ணியிருப்பார்கள்.

காரணம் நமக்குப் பாதி தெரியும். அவள் நாகப்பட்டினத்துப் பெண். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி அந்த ஊரில் இருந்தவள். அதற்கப்புறம் அவள் கடலைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாகச் சென்னையில் வாசம் செய்தும், குழந்தையை மெரினாவுக்கு அழைத்துப் போவது எப்போதும் நம்முடைய வேலை. அப்படியிருக்க இந்தப் பிரயாணத்துக்கு எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டதற்கு, "வேதாரண்யம் கோயிலைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு விதத்தில் அவள் அஞ்சவே வேண்டியிருக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர்தான். கடல் கண்ணில் படுவது அபூர்வம். முதலில் பங்களாக்களின் மதில் சுவர், அப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கும் அப்பால் பனங்கூடல். நடுநடுவே ஒரு சந்து திறக்கும்போது நீலத்தில் ஒரு கீற்றுத் தெரியும், உடனே மறைந்துவிடும். ஆனால் உப்புக் காற்றுக்கு மதில் ஏது? அது வண்டிக்குள் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

மாமல்லபுரத்தில் இறங்கினோம். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயில் ஆயிரத்து முன்னூறு வருஷமாக அலையின் எதிரே நிற்கிறது. காற்றிலுள்ள உப்பு கருங்கல்லையும் தின்றுவிடும் என்பதைச் சிற்பங்களின் தேய்ந்த முகங்களில் பார்க்கலாம். 2004-ல் வந்த அலை ஊர்களை அழித்ததோடு, இங்கே மணலில் புதைந்து கிடந்த சில சிற்பங்களை வெளிக்காட்டிவிட்டும் போயிற்று. இதையெல்லாம் வகுப்பு நடத்தும் தோரணையில் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், கேட்பதற்கு ஆள் இல்லை. சகதர்மிணி கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து மர நிழலில் நுங்குக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நுங்கு என்னவோ அமிர்தமாயிருந்தது.

மரக்காணத்தில் சாலையோரமாகவே உப்பளங்கள். மே மாதந்தான் உப்புக்கு அறுவடைக் காலம். பாத்தி பாத்தியாய்த் தண்ணீர். வரப்பின்மேல் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அந்த வெயிலில், வெறுங்காலோடு உப்பு வாரும் ஸ்திரீகளைப் பார்த்தபின், "வண்டிக்குள் உஷ்ணமாயிருக்கிறது" என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை.

அன்றிரவு புதுச்சேரியில் தங்கினோம். 1908 முதல் 1918 வரையில் பாரதியாருக்கு அடைக்கலம் தந்த ஊர் அல்லவா? ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது இந்த ஊர்ப் பிரவாசத்திலேதான். 1910-ல் அரவிந்தரும் இங்கே வந்து சேர்ந்தார். மறுநாள் காலை புதுச்சேரி எல்லையைக் கடந்து கடலூர் ஜில்லாவுக்குள் நுழைந்தோம். 1918 நவம்பரில் பாரதியார் இப்படி எல்லையைத் தாண்டி வந்தபோதுதான் பிரிட்டிஷ் போலீஸார் அவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். எங்களை யாரும் நிறுத்தவில்லை. ஏன் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. சுதந்திரம் என்பது பல சமயங்களில் இப்படிக் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் எல்லைக் கோடாகத்தான் இருக்கிறது.

சிதம்பர தரிசனம் செய்துகொண்டு பிச்சாவரம் போனோம். படகுக்காரர் வளைந்த வேர்களின் நடுவே, பச்சைக் குகை போன்ற ஓடைகளில் துடுப்புப் போட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தை இந்தக் காட்டிலேதான் இப்போது பார்க்க முடிகிறது. நீர்க்காடு என்பதால் அலையோசை இல்லை. ஆகவே நம் சகதர்மிணியும் படகில் ஏறினாள். "சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பிழைத்தன அம்மா" என்றார் படகுக்காரர். ஆராய்ச்சியாளர்களும் பிற்பாடு அப்படித்தான் எழுதினார்கள். காடு நின்ற இடத்தில் சேதம் குறைவு, காடு இல்லாத இடத்தில் அதிகம். அவள் ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நாகப்பட்டினத்தில் நிறுத்த வேண்டும். அக்கரைப்பேட்டைக்குப் போக வேண்டும்" என்றாள்.

கொள்ளிடத்தைத் தாண்டினோம். பூம்புகாரில், குடகிலே பிறந்து வந்த காவேரி, வெயிலில் மணல் வாய்க்காலாய் இளைத்துக் கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை மஞ்சள் நிறத்தில் கம்பீரமாய் நிற்கிறது. 1845-ல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. விற்பதும் வாங்குவதும் மனிதர்கள்; கொண்டுபோவது கடல்.

காரைக்கால் தாண்டியபின் பின் ஆசனத்தில் பேச்சே இல்லை. நாகூர் மினாராக்கள் தெரிந்தபோது அவள் சொல்லத் தொடங்கினாள். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் பேசாத விஷயம் அது.

பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அக்கரைப்பேட்டைப் பெண். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவதாக இவள் சொல்லியிருந்தாள். முதல் நாள் இரவு நேரங்கழித்துப் படுத்ததால் தூங்கிவிட்டாள். ஒன்பது மணி சுமாருக்கு ஊர் அலறியது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் அன்று மாண்டவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். சிநேகிதியும் அவர்களில் ஒருத்தி. "நான் வருவேன் என்று வீட்டிலேயே காத்திருந்திருப்பாள்" என்றாள் நம் மனைவி. "நான் சொல்லாமலிருந்தால் எங்காவது வெளியே போயிருப்பாள், பிழைத்திருப்பாள்." இதற்கு என்ன பதில் சொல்வது? வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் உபாத்தியாயர், சாலையைப் பார்த்து வண்டியை ஓட்டினார்.

அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில், மீன்கள் இனம் பெருகுவதற்காக, 61 நாள் அவை கடலுக்குப் போகக்கூடாது. ஆதலால் ஊரே கரையில் இருந்தது. ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். விசாரித்ததில், சிநேகிதியின் தாயார் கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தது. நரைத்த தலையோடு ஓர் அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு நம் மனைவியின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, "ரெட்டைச் சடைப் பொண்ணுதானே நீ?" என்றாள்.

காபி வந்தது, குழந்தை எத்தனை என்ற கேள்வி வந்தது. வெகு நேரம் கழித்து நம் மனைவி, வந்த காரியத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கவனமாய்க் கேட்டாள்.

"வீட்டிலே எங்கே இருந்தா அவ?" என்றாள். "விடியற்காலமே என்னோடே ஏலம் போடுற இடத்துக்கு வந்துட்டாளே. அண்ணன் படகு வந்த நாளாச்சே. மீனைப் பிரிச்சுக்கிட்டே நின்னோம். நான் ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டேன், அவளுக்குக் கிடைக்கலே. நீ வரேன்னு சொன்னதே அவளுக்கு நினைப்பிலே இல்லே போலிருக்கு, கண்ணு."

நடந்ததைத்தான் சொன்னாளா, அல்லது வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பெண்ணைப் பறிகொடுத்தவள் இன்னொரு பெண்ணின் பாரத்தை இறக்கி வைத்தாள். அவ்வளவு போதும். வாசலில் எங்களை வழியனுப்பியபோது அந்த அம்மாள், "கடல் மேலே கோபப்பட்டா நாங்க எதைச் சாப்பிடுறது?" என்றாள்.

வேளாங்கண்ணியைக் கடந்து மாலையில் வேதாரண்யம் சேர்ந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் தலைதூக்கியிருக்கின்றன. வேதாரண்யேசுவரர் கோயிலில், அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி மூடியதாகச் சொல்லும் கதவின் முன்னால் நம் மனைவி நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் அதிகாலையில் அகஸ்தியம்பள்ளிக்குப் போனோம். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியில் புறப்பட்டு, 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யத்தை அடைந்தார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்களாம். மரத்துக்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடம் ஏது? பாதிச் சவரத்தில் எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று அறிந்து கத்தியைக் கீழே வைத்த வைரப்பனையும் இவ்வூர் மறக்கவில்லை. 30-ந் தேதி ராஜாஜி இங்கே உப்பை அள்ளினார், கைதானார். சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் இந்த மண்ணின் புதல்வர்தான். 1946-ல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது.

நினைவு ஸ்தூபியின் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். நம் மனைவி வரப்பில் இறங்கி ஒரு கை உப்பை எடுத்தாள். ஒரு கல்லை நாவில் வைத்துக்கொண்டாள். "இதுவும் அதே கடல்தானே?" என்றாள். அங்கிருந்த தொழிலாளி ஒருவர் அரைப் படி உப்பைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது அவள் கேட்காமலே முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். "இப்போது கடல் உங்கள் பக்கம் போய்விட்டதே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். வடக்கே போகும்போது அப்படித்தான், என்ன செய்வது? அதற்குப் பரிகாரமாக, மாமல்லபுரத்தில் மறுபடியும் வண்டியை நிறுத்தும்படி உத்தரவாயிற்று. நிறுத்தினோம். கடற்கரைக் கோயிலைப் பற்றி நாம் வைத்திருந்த பிரசங்கத்தை அவள் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் நனையும் மட்டும் அலையில் இறங்கி நின்றாள். நாங்கள் சென்னை வந்து சேரும்போது இரவு மணி பத்து. அவள் புடவைக் கரையில் மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.