பீர்க்கங்காய் நாரும் ஒரகடத்து பார்லரும்

பீர்க்கங்காய் முத்திப்போச்சுன்னா சந்தையில யாரும் சீண்ட மாட்டாங்க. கொடியிலயே காயவிட்டு, தோலை உரிச்சு, விதையை உதறிட்டா உள்ளே வலை மாதிரி நார் நிக்கும். பம்புசெட்டுல குளிக்கிறப்போ எங்களுக்கு உடம்பு தேய்க்க அதுதான். குதிகாலுக்குத் தொட்டி ஓரத்துக் கல்லு. நடவு நட்டுட்டு வர்ற பொம்பளைங்க காலைத் தேய்க்கிற தேய்ப்புல கல்லே வழவழன்னு ஆயிடும். இப்போ அதே நார் நகரத்துக் கடைகள்ல 'லூஃபா'ன்னு அட்டைப்பெட்டியில உட்கார்ந்திருக்கு.

ஒரகடம் ரோட்டுல கார் கம்பெனிகள் வந்த பின்னாடி பார்லர், ஸ்பா எல்லாம் கூடவே வந்தது. என் பொண்ணு உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. வைகாசியில கல்யாணம். அதுக்கு முன்னாடி முகத்துக்கு 'பீல்' பண்ணிக்கணும்னு சொன்னா. வண்டியில கொண்டுபோய் விட்டப்போ, பார்லர் நடத்துற பொண்ணுகிட்டயே அப்படின்னா என்னம்மான்னு கேட்டேன். பக்கத்து ஊர்ப் பொண்ணுதான், என்னைப் பெரியப்பான்னு கூப்பிடும்.

மேல்தோல் செத்து, சுமாரா மாசத்துக்கு ஒரு தடவை தானாவே உதிர்ந்து புதுசாகுமாம். நாம செய்யறதெல்லாம் அதை அவசரப்படுத்தறது மட்டும்தான். முன்னாடி கொட்டைப் பொடி, பிளாஸ்டிக் மணின்னு க்ரீம்ல கலந்து தேய்ச்சாங்க. அந்த மணி சாக்கடை வழியா ஆறு, ஏரின்னு போய்ச் சேருதுன்னு அமெரிக்காவுல 2015-ல சட்டம் போட்டே நிறுத்தினாங்க.

அடுத்தது மெஷின். 1985 வாக்குல இத்தாலியில வந்தது. அலுமினியம் ஆக்சைடு பொடியை முகத்துல பீய்ச்சி அடிச்சு, உதிர்ந்த தோலோட சேர்த்து உறிஞ்சிடும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. என் தங்கச்சி பையன் வேலை செய்யற இடத்துல இரும்புல இருக்கிற துருவை எடுக்க அடிக்கிறதும் அதே பொடிதான். பொடியோட நைசும் அடிக்கிற வேகமும்தான் வேற. பொடி கண்ணு, மூக்குல போகுதுன்னு பிறகு வைர முனை வந்தது. இப்போ தண்ணியைச் சுழற்றி விட்டு உறிஞ்சற மெஷின்.

பீல்ல தேய்ப்பே கிடையாது. செத்த தோலை ஒட்ட வெச்சிருக்கிற பசையை ஆசிட் இளக்கிடும். ஆசிட்னதும் எனக்குப் பக்குன்னுச்சு. ஆனா கரும்புல இருக்கிற கிளைகாலிக், தயிர்ல இருக்கிற லாக்டிக், இந்த மாதிரி ஆசிட்தானாம். இதெல்லாம் தடிச்ச தோலை உதிர்க்குதுன்னு 1970-கள்ல வான் ஸ்காட், யூ-ன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல கண்டு சொன்னாங்க. எங்கம்மா தயிர்ல கடலைமாவு குழைச்சுப் பூசினதுலயும் அது கொஞ்சம் இருந்திருக்கு. பார்லர் பாட்டில்ல இருக்கிறது அதைவிடப் பல மடங்கு காட்டம்.

அந்தப் பொண்ணு நினைச்சிருந்தா காசு வாங்கிட்டுச் செஞ்சிருக்கலாம். "வேணாம் பெரியப்பா. இதைப் பண்ணா கொஞ்ச நாளைக்கு வெயில் படவே கூடாது. இவ உச்சி வெயில்ல கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டுல நிக்கிறா. நம்ம தோலு வெந்துச்சுன்னா இன்னும் கறுத்துதான் போகும். தோல் டாக்டரைப் பார்க்காம செய்யாதீங்க"ன்னுச்சு.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் விஷயம் வெளிய வந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தங்க "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி"ன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. செத்த தோலை எந்த மெஷின் எடுத்தாலும் அடியில இருக்கிறது அவ தாத்தா கொடுத்த அதே நிறம்தான். மாப்பிள்ளைகிட்ட போன்ல பேசினேன். அவருக்கு இது தெரியவே தெரியாது. அத்தைகிட்ட தானே பேசறேன்னார்.

வீட்டுல இப்போ நலங்கு மாவுக்குச் சாமான் சேர்த்துட்டு இருக்காங்க. பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு. கோரையைக் கூலி கொடுத்துப் பிடுங்கியே என் பாதி ஆயுசு போச்சு, அதை நாட்டு மருந்துக் கடையில காசு கொடுத்து வாங்கறதாம்! நானே வரப்புல தோண்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். பொண்ணு மட்டும் அந்தத் தண்ணி மெஷின் ஒரே ஒரு தடவைன்னு கேட்கறா. சரின்னுட்டேன், அவ சம்பளம்.