இரண்டு அங்குலச் சிப்பாய்கள்

உள்ளங்கையில் வைத்தால் சுண்டு விரல் அளவே வரும் மனித உருவம் அது. தலையில் கறுப்புத் தொப்பி, கழுத்தில் தொங்கும் தொலைநோக்கி, முகத்தில் களைப்பு. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் யுத்தத் தாங்கியினுள் இருந்து போரிட்ட சிப்பாயின் சாயல். இத்தகைய உருவங்களை வாங்கி, வர்ணம் தீட்டி, சிறு தாங்கியின் மேல் நிறுத்தி, மண்ணும் புல்லும் உடைந்த சுவரும் சேர்த்துப் போர்க்களக் காட்சியாக அமைப்பது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. அக்காட்சியை 'டயோராமா' என்பர்.

சகோதரிகளே! இதைப் பற்றி ஒரு மௌலவி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் மத்ரஸாவில் ஓதிய பிள்ளை ஒருவர் கட்டாரில் தொழில் செய்கிறார். விடுமுறையில் வந்தபோது இத்தகைய ஐந்து உருவங்களையும் ஒரு தாங்கியையும் கொண்டு வந்திருந்தார். "மௌலவி, இதுகளை அலுமாரியில் வைத்திருந்தால் வீட்டுக்கு மலக்குகள் வருவாங்களா? மகன் இது சரித்திரம் என்று சொல்றார்" என்று அவரது தாயார் என்னிடம் கேட்டனுப்பினார். தாயின் அச்சமும் நியாயமானது. மகனின் ஆசையும் வீணானதல்ல. ஆகவே தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பொருளை அறிந்துகொள்ள விரும்பினேன்.

அந்தப் பிள்ளை மிகப் பொறுமையாக விளக்கினார். உருவங்கள் 35இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. 175 சென்றிமீற்றர் உயரமான மனிதன் 5 சென்றிமீற்றராகிறான். இந்த அளவு வந்த கதை வேடிக்கையானது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா கம்பனி 1960களின் தொடக்கத்தில் ஜேர்மன் தாங்கியொன்றின் மாதிரியை வெளியிட்டது. பெட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகத் தெரிவான பருமன் அது. பின்னர் அதுவே உலக வழக்காகிவிட்டது.

தாங்கி பிளாஸ்டிக்கில் வருகிறது. ஆனால் முகத்தின் சுருக்கம், உடையின் மடிப்பு போன்ற நுட்பங்களுக்கு ரெசின் உருவங்களையே விரும்புகிறார்கள். கலைஞர் ஒருவர் முதலில் மூல உருவத்தைக் கையால் செய்கிறார். இக்காலத்தில் கம்பியூட்டரிலும் செய்கிறார்கள். அதைச் சுற்றி சிலிக்கன் இறப்பரை ஊற்றி அச்செடுக்கிறார்கள். பின் இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் வார்த்தால் சற்று நேரத்தில் இறுகிவிடும். வாங்கியவர் அதைச் சவர்க்கார நீரில் கழுவி, பிசிறுகளை அரத்தால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் பல மணி நேரம் செல்லுமாம்.

தாய்மார் கவனிக்க வேண்டிய விடயம் இதிலுண்டு. ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் மிக மெல்லியது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும். சமையலறையிலோ சிறு பிள்ளைகள் உறங்கும் அறையிலோ இதைச் செய்ய விடாதீர்கள்.

இனி மார்க்கத்தின் நிலைப்பாட்டைப் பார்ப்போம். உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்வோர் பற்றிய கடும் எச்சரிக்கையும், உருவங்களுள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற செய்தியும் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. அதேவேளை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததுடன் தோழிகளை விளையாட அனுப்பி வைத்ததையும் அதே கிரந்தங்கள் அறிவிக்கின்றன. அன்னையிடம் சிறகுள்ள குதிரைப் பொம்மை இருந்ததைக் கண்டு நபியவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் வருகிறது. ஆகவே நமது ஷாபிஈ மத்ஹபினர் உட்படப் பெரும்பாலான அறிஞர்கள் முழு உருவச் சிலைகளைத் தடுத்து, பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்களித்தார்கள். வளர்ந்த ஒருவர் அலுமாரியில் அழகுக்காக நிறுத்தும் உருவத்துக்கு அந்த விலக்கு எளிதில் பொருந்தாது. இதை அந்தத் தாயாரிடம் தெளிவாகவே சொன்னேன்.

ஆனால் என் மனதை உறுத்தியது வேறொன்று. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளையின் தம்பி, பன்னிரண்டு வயதிருக்கும், ஐந்து உருவங்களையும் வரிசையாக நிறுத்திவிட்டு, "இவங்கள் எல்லாரும் மௌத்தாகிட்டாங்களா நானா?" என்று கேட்டான். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஷேர்மன் தாங்கியில் ஐந்து பேர் இருந்தார்கள்: தளபதி, பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், சாரதி, உதவிச் சாரதி. அத்தாங்கி முதன்முதலாகப் போரிட்டது ஒரு முஸ்லிம் நாட்டின் மண்ணில். 1942 ஒக்டோபர் 23ஆம் திகதி இரவு எகிப்தின் அல் அலமைன் பாலைவனத்தில் தொடங்கிய யுத்தம் அது. இன்று அங்குள்ள பொதுநலவாய மையவாடியில் 7,000க்கு மேற்பட்ட கப்றுகள் இருக்கின்றன. புதைத்த கண்ணிவெடிகளோ யுத்தத்தோடு முடியவில்லை. ஆடு, ஒட்டகம் மேய்க்கும் பதவி அரபிகள் பல தசாப்தங்களாக அவற்றில் கால்களையும் உயிரையும் இழந்தார்கள்.

குண்டு துளைத்தால் உள்ளே இருந்த வெடிமருந்து பற்றிக்கொள்ளும். சிறிய வாசல்கள் வழியே சில வினாடிகளில் வெளியேற வேண்டும். பிரித்தானியச் சிப்பாய்கள் தகர டின்னில் மணலும் பெற்றோலும் இட்டு எரித்துத் தேநீர் தயாரிப்பார்கள். தேநீர் கொதிக்க வைப்பதற்குச் சொன்ன அதே சொல்லையே, தாங்கி மனிதர்களோடு எரிவதற்கும் சொன்னார்கள். அச்சத்தை விழுங்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை போலும்.

அந்நாளைய பாதிரியார் லெஸ்லி ஸ்கின்னர் என்பவரின் செயல் என்னை மிகவும் பாதித்தது. 1944இல் பிரான்ஸின் நோர்மண்டியில் ஒரு தாங்கிப் படைப்பிரிவுடன் இருந்தவர். எரிந்த தாங்கிகளுக்குள் தானே இறங்கி, சாம்பலிலிருந்து எலும்புகளைச் சேகரித்து அடக்கம் செய்தார். உதவிக்கு ஆட்களைத் தருவதாக அதிகாரி சொன்னபோது மறுத்துவிட்டார். தாங்கிகளில் இருந்து போரிட வேண்டியவர்கள் இக்காட்சியைக் காணக்கூடாது என்பதே காரணம். மார்க்கம் வேறானாலும் மையித்தின் கண்ணியம் என்ன என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார். ஜனாஸா குளிப்பாட்டும் நம் போன்றவர்களுக்கு அது நன்கு விளங்கும்.

இவற்றைச் சொன்னபோது அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டார். பின் ஒரு நியாயமான விடயத்தைச் சொன்னார்: "ஹஸ்ரத், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தாங்கி எவ்வளவு பெரிதென்று பார்க்கிறவருக்கு விளங்காது." உருவம் செய்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு அறிவுரை சொன்னதை நினைவூட்டினேன். திறந்து கிடக்கும் வாசல், கழற்றி வைத்த சப்பாத்து, ஒரு தேநீர்க் கோப்பை, கரி பிடித்த தகர டின் ஆகியவற்றை வைத்தாலும் அளவு விளங்கும். அத்துடன், இதன் சொந்தக்காரர் எங்கே என்ற கேள்வியும் பார்ப்பவர் மனதில் எழும். அவர் சற்று யோசித்துவிட்டு, "அது உருவத்தை விடக் கஷ்டமான வேலை ஹஸ்ரத், செய்து பார்க்கலாம்" என்றார்.

தாய்மாரே! நம் நாட்டின் யுத்தம் 2009இல் முடிந்தது. அதைக் கண்ட நமக்குச் சிப்பாயின் உடையும் தாங்கியின் சத்தமும் விளையாட்டல்ல. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கோ யுத்தம் என்பது சுத்தமான உடையும் அழகிய ஆயுதமும்தான். அவர்கள் கையில் இத்தகைய பொருளைக் கண்டால் பறித்து எறிவதோடு கடமை முடிந்துவிடாது. மார்க்கச் சட்டத்தைச் சொல்லுங்கள்; கூடவே இருந்து, "இவருக்கும் ஓர் உம்மா இருந்தாரா? அவர் வீடு திரும்பினாரா?" என்று கேளுங்கள். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை யுத்தத்தை ரசிக்காது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளைப் பயனுள்ள வேலைகளிலும், உள்ளங்களைப் பிறர் துயர் உணர்வதிலும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.