நாற்பத்தொன்றும் ஏழும்

லொறிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்கள் எல்லோரும் அதைக் கண்டிருப்பார்கள். இரண்டு பின்சில்லுகளுக்கும் இடையில், அச்சின் நடுவில், பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கும். சேறும் எண்ணெயும் அப்பி, பார்க்க ஒரு அழகும் இல்லாதது. மெக்கானிக்மார் அதை 'டிஃபரன்சல்' என்பார்கள். பஸ்ஸிலும் லொறியிலும் உழவு இயந்திரத்திலும் அது உண்டு. அதைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது செய்யும் வேலையைச் சொல்வது இலேசு. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தடியில் இறுக்கிவிட்டால் ஒரு சில்லு றோட்டில் இழுபடும், டயர் தேயும், அச்சு முறுகும். ஆகவே அச்சை இரண்டாக வெட்டி, நடுவில் பற்சில்லுகளை வைத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு வலுவையும் வேறு வேறு வேகத்தையும் கொடுக்கிறார்கள். 1820களின் பிற்பகுதியில் பெக்கூர் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளி, நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பற்சில்லு என்றதும் நம்மவர் சிலர் அல்-ஜஸரியை இழுத்துக்கொண்டு வருவார்கள். 1206இல் தன் நூலை எழுதி முடித்தவர், நீரிறைக்கும் பொறிகளும் மணிக்கூடுகளும் செய்த மேதை. ஆனால் இதைச் செய்தவர் அவரல்ல. அவருக்கு இரவல் பெருமை தேவையும் இல்லை. அவரைப் போல அரமும் சுத்தியலும் பிடிக்கிறவர்களை நாம் எந்த வரிசையில் உட்கார வைக்கிறோம் என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

2023 பெரும்போக அறுவடையின் கடைசி நாட்கள். என் ராத்தாவின் லொறி நெல் ஏற்றிக்கொண்டு சம்மாந்துறை வயற்பாதையொன்றில் புதைந்துவிட்டது. மச்சான் மவுத்தான பிறகு அந்த இசுசு எல்ஃப்தான் அவர்களுடைய அடுப்பெரித்தது. ஓட்டியவன் ராத்தாவின் மகன், இருபத்திரண்டு வயது. சேற்றில் நின்ற சில்லு மட்டும் சுழன்றது. மேட்டில் நின்ற சில்லு அசையவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சம வலுவைக் கொடுக்கிற பொறியின் குணமே அதுதான். ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் வழுக்கினால் மறுபக்கத்துக்கும் அந்தச் சொற்ப வலுவே போகும். அவன் அரை மணித்தியாலம் அக்சிலேற்றரை மிதித்திருக்கிறான். வெளியே எடுத்துவந்த லொறி திரும்பும் இடங்களிலெல்லாம் கடகடவென்று கத்தியது.

கராஜில் முழுத் தலையையும் மாற்ற வேண்டும் என்றார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியிருந்தது, இறங்கவில்லை. ராத்தா பேசாமல் உள்ளே போய்க் காப்பு இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்தார். நான் அதை வாங்கவில்லை. காரைதீவில் இருக்கும் பாஸ் ஒருவரைத் தேடிப் போனேன்.

எழுபது தாண்டியவர். 1990 வரை கல்முனையில் நம்மவர் ஒருவரின் கராஜில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். அந்த வருடம் இரண்டு பக்கத்திலும் செத்த வீடுகள். பாதைகள் அடைபட்டன. 2002 யுத்தநிறுத்தம் வரை அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வரவேயில்லை. விசயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், திரும்பக்குள்ள மட்டும் கத்துதா, நேராப் போகக்குள்ளயும் கத்துதா?"

"திரும்பக்குள்ள மட்டும்தான் அண்ணன்."

"அப்ப கிரவுணும் பினியனும் தப்பியிருக்கும். உள்ளுக்கிருக்கிற சின்னச் சில்லுகள்தான் போயிருக்கும். முழுசா மாத்தத் தேவையில்ல. எனக்குக் கண் சரியில்ல. தம்பிதான் கழட்ட வேணும். நான் பக்கத்தில இருக்கிறன்."

நோன்பு விடுமுறையில் ராத்தாவின் மாமரத்தடியில் வேலை தொடங்கியது. பகலில் கழுவுவதும் துடைப்பதும். பாரம் தூக்கும் வேலையெல்லாம் தராவீஹுக்குப் பிறகு, மின்குமிழ் வெளிச்சத்தில். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்அச்சை உயர்த்தி முட்டுக்கொடுத்தோம். எல்ஃபில் பாரத்தைச் சுமப்பது அச்சின் கூடுதான். உள்ளே இருக்கும் தண்டுகள் சுற்ற மட்டுமே செய்கின்றன. அதனால் சில்லுகளைக் கழற்றாமலே தண்டுகள் இரண்டையும் உருவலாம். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டபோது தாடி முளைத்ததுபோல இரும்புத்தூள் ஒட்டியது.

பெயரிங் மூடிகளைக் கழற்றுமுன் பாஸ் தடுத்தார். இடப்பக்க மூடியில் ஒரு புள்ளி, வலப்பக்க மூடியில் இரண்டு புள்ளி குத்தச் சொன்னார். மூடிகள் கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை; மாற்றிப் பூட்டினால் பெயரிங் நேராக உட்காராது. உள்ளே, கூட்டற்குறி போன்ற தண்டின் நான்கு கைகளிலும் நான்கு சிறு பற்சில்லுகள். நேர்ப்பாதையில் அவை தம் கைகளில் சுற்றுவதில்லை. வளைவில் மெதுவாகச் சுற்றும். ஒரு சில்லு மட்டும் சேற்றில் சுழலும்போதோ பம்பரமாகிவிடும். எண்ணெய் போய்ச் சேராமல் இரும்பும் இரும்பும் பற்றிக்கொள்ளும். இரண்டு கைகள் கருகி வரிவரியாய் உரிந்திருந்தன. வொஷர்கள் தாள்போலத் தேய்ந்திருந்தன. அவர் சொன்னபடியே கிரவுணும் பினியனும் தப்பியிருந்தன.

கிரவுணில் 41 பல், பினியனில் 7. ஏன் 42 இல்லை என்று மருமகன் கேட்டான். பத்து வருடமாகக் கணிதம் படிப்பித்து, பொதுக் காரணிகளுட் பெரியது எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் தேடிய உதாரணம் என் மடியில் வந்து விழுந்தது. 42ஆக இருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுணின் அதே ஆறு பற்களை மட்டுமே ஆயுள் முழுக்கச் சந்திக்கும். அதன் குறை அந்த ஆறையும் தின்றுவிடும். 41க்கும் 7க்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. பினியன் 41 தரம் சுற்ற, கிரவுண் 7 தரம் சுற்ற, 287 சந்திப்புகளில் ஒவ்வொரு பல்லும் மறுபக்கத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும். ஒன்றின் குறையை எல்லாமாகப் பகிர்ந்து தேய்த்துவிடும். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவன் அதைக் கொப்பியில் தானே பெருக்கிப் பார்த்தான்.

பெயரிங்கும் சீலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். சிறு பற்சில்லுகளும் கூட்டற்குறித் தண்டும் கழற்றி விற்ற லொறியொன்றினுடையவை. பினியனின் இறுக்கத்தை விற்றராசால் இழுத்துப் பார்த்தோம். பிறகு நீலப் பெயின்ரைக் கிறீசில் குழைத்துக் கிரவுண் பற்களில் தடவிச் சுற்றினோம். பினியன் தொட்ட இடத்தில் நீலம் விலகித் தடம் தெரியும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். எங்களுடையது வெளிநுனிக்குப் போயிருந்தது. பற்களுக்கிடையில் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கத்து வளையத்தை எத்தனை காடி தளர்த்துகிறோமோ, மறுபக்கத்து வளையத்தை அத்தனை காடி இறுக்க வேண்டும். அப்போதுதான் பெயரிங் இறுக்கம் மாறாமல் கிரவுண் பினியனை நெருங்கும். சமன்பாட்டில் இரு பக்கமும் செய்வது போலத்தான். ஐந்து தரம் தடவி, ஐந்து தரம் சுற்றினோம். பாஸுக்கு நீலம் சரியாகத் தெரியவில்லை. கிரவுணைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, அந்த மெல்லிய தட்டலைக் காதால் கேட்டார். "காணும்" என்றார். டயல் கேஜ் ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியது.

ஒரு மஃரிபுக்கு எங்களோடு கஞ்சி குடிக்கும்போதுதான் பழைய கராஜைப் பற்றிச் சொன்னார். "முதலாளி கடைசி நாளில என்ட ஆயுதப் பெட்டிய ஆள் வைச்சு வீட்டுக்கு அனுப்பினவர். அதாலதான் நான் பிள்ளைகள வளர்த்த." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த சாவிகளால்தான் எங்கள் லொறியும் பூட்டப்பட்டது.

ஜீஎல்-5 தர எண்ணெய் ஊற்றி ஓடவிட்டபோது சந்தியில் சத்தமில்லாமல் திரும்பியது. கூலி கொடுத்தோம்; அவர் வாங்கவில்லை. பெருநாளன்று ராத்தா அரிசி மூடையும் பலகாரமும் அனுப்பினார், அதை வாங்கிக்கொண்டார்.

ஊரில் ஒருவர் என்னிடம், "என்ன மாஸ்டர், மருமகன கிறீசுக்குள்ள இறக்கிட்டீங்களே" என்று அனுதாபப்பட்டார். டொக்டர், எஞ்சினியர், மௌலவி, ஆசிரியர் என்று நாம் பிள்ளைகளுக்குக் கட்டிவைத்திருக்கும் படிகளில் கராஜ் இல்லை. தவறி விழுந்தவன் போகுமிடம் அது என்று வகுப்பறையிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அந்த மாமரத்தடியில் நடந்தது பொறுமையும் அளவும் நேர்மையும் வேண்டிய படிப்பு. பூசி மெழுகிப் பூட்டினால் நெல்லோடு நடுறோட்டில் நிற்க வேண்டி வரும்.

பாஸ் சொன்னவற்றையெல்லாம் மருமகன் அந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழைகள் நிறைய. நான் சிவப்புப் பேனா போடவில்லை. இப்போது அயலூர் லொறிகளும் மாமரத்தடிக்கு வருகின்றன. பிடிபடாத சத்தம் வந்தால் காரைதீவுக்குத்தான் போகிறான். போகும்போது கொப்பியையும் எடுத்துக்கொள்கிறான்.