கப்பல் பெட்டி பூலாம்பாடி சேரும் வழி

கரை கண்ணில் பட்டவுடன் கப்பல் பயணம் முடிந்துவிடுவதில்லை. கப்பல் நின்ற பிறகு பயணி மண்ணில் கால் வைக்கவும், அவருடைய பெட்டிகள் அவர் கைக்கு வந்து சேரவும் சில மணி நேரம் ஆகும். கப்பலில் நோய் இல்லை என்று துறைமுக மருத்துவர் அனுமதிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழ வேண்டும். சரக்கறையிலிருந்து சாமான் இறங்க வேண்டும். சுங்க அதிகாரி அதைப் பார்த்து விட வேண்டும். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு, கையோடு இருக்க வேண்டியவற்றையும் கப்பல் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றையும் முதல் நாளே பிரித்து வைத்தவர் அலைச்சல் இல்லாமல் இறங்குவார். ராஜுலா என்ற பழைய கப்பல் ஓடிய காலத்திலும் அப்படித்தான்; இன்றைய சொகுசுக் கப்பல்களிலும் அப்படித்தான்.

பூலாம்பாடி கடலோர ஊர் அல்ல. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைப் பக்கம் இருக்கும் பேரூராட்சி அது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமையை நம்பிய மாவட்டம் இது. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் வெளியூர் போய்ச் சம்பாதிப்பது இப்பகுதிக்குப் பழகிய வழி. இங்கிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் உண்டு. விமானக் கட்டணம் எட்டாத தொலைவில் இருந்த நாட்களில் அக்கரைக்குப் போகவும் அங்கிருந்து வரவும் கப்பல்தான் வழி.

அந்த வழியில் நீண்ட காலம் ஓடிய கப்பல் ராஜுலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொட்டுச் செல்லும். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ராஜுலாவில் அறை எடுத்துப் பயணம் செய்தவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோரும் டெக் பயணிகள். கட்டப்பட்டபோது 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. 1973இல் ராஜுலா இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷனுக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்ற பெயர் பெற்று, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று பாஸ்தர் என்ற பெயரில் 1966இல் கடலில் விட்ட கப்பலை ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓட்டியது.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஒரு வாரம். டெக் பயணிக்குத் தனி அறை கிடையாது. தளத்தில் பாயோ ஜமக்காளமோ விரித்த இடம்தான் அவருடைய இடம். ஆகவே சாமான் இரண்டு வகையாகப் பிரிந்தது. படுக்கை, மாற்றுத்துணி, தட்டு, டம்ளர், மருந்து, காகிதங்கள் ஆகியவை பயணியோடு தளத்தில் இருந்தன. இரும்பு டிரங்குப் பெட்டிகளும் மரப்பெட்டிகளும் கயிறு போட்டுக் கட்டிய பெரிய மூட்டைகளும் கப்பலின் அடிவயிற்றில் உள்ள சரக்கறைக்குப் போயின. இறங்கும் துறையில்தான் அந்தப் பெட்டிகளை மறுபடி பார்க்க முடியும். நடுக்கடலில் ஒரு பொருள் வேண்டும் என்று போய்க் கேட்க வழியில்லை.

இதனால் பெட்டியின் மேல் எழுதும் முகவரிக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வரும் கப்பலில், ஒரே கடைத்தெருவில் வாங்கிய ஒரே மாதிரிப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெயிண்டில் பெரிய எழுத்தில் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்று எழுதுவது வழக்கம். இன்றைய பெரம்பலூர் மாவட்டம் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் பூலாம்பாடிக்காரருக்கு திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா என்பதே முகவரி. இறங்கும் துறை நாகப்பட்டினமா சென்னையா என்பதையும் பெட்டியில் குறிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்குபவரின் பெட்டி தவறிச் சென்னைக்குப் போய்விட்டால், அதைத் திரும்பப் பெறச் சென்னை வரை இன்னொரு பயணம் போக வேண்டும்.

கப்பல் துறையை நெருங்கும்போது மஞ்சள் கொடி ஏற்றும். கப்பலில் தொற்றுநோய் இல்லை, கரையோடு தொடர்பு கொள்ள அனுமதி தர வேண்டும் என்பது அதன் பொருள். கடல் போக்குவரத்தில் இது இன்றும் உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. அந்நாட்களில் துறைமுக மருத்துவர் ஏறிப் பார்த்த பிறகே யாரும் இறங்க முடிந்தது. பெரியம்மை இருந்த காலத்தில் அம்மை குத்திய சான்றிதழும் கேட்கப்பட்டது. அந்தக் காகிதத்தை அடியறைக்குப் போன பெட்டிக்குள் வைத்துவிட்டவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் கையெழுத்திட்ட பின் இமிகிரேஷன் அதிகாரிகள் பாஸ்போர்ட்டையும் பயணச்சீட்டையும் பார்த்தார்கள்.

நாகப்பட்டினத்தில் இறங்குவது கடினமாக இருந்தது. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்கும் அளவுக்கு அங்கே ஆழம் இல்லை. கப்பல் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளையும் சாமானையும் படகுகள் வந்து எடுத்துப் போகும். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி, அலையில் ஏறி இறங்கும் படகில் சரியான தருணத்தில் கால் வைக்க வேண்டும். குழந்தையை வைத்திருப்பவர்களும் முதியவர்களும் இரண்டு கைகளும் காலியாக இருந்தால்தான் ஏணியைப் பிடிக்க முடியும். தோளில் மாட்டும் ஒரு பைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பாடத்தை நாகப்பட்டினம் ஏணி கற்றுக்கொடுத்தது. பெரிய பெட்டிகள் தனியாக வந்தன. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் இந்த வேலை மேலும் ஆபத்தானது. சென்னையில் நிலைமை வேறு. செயற்கைத் துறைமுகச் சுவர்களுக்குள் கப்பல் கரையை ஒட்டி நின்றதால், பாலம் போட்டாற்போல் நேரே இறங்கலாம்.

மண்ணில் இறங்கிய பிறகு வருவது சுங்கம். அக்கரைச் சீமையிலிருந்து வருபவரின் பெட்டி அவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. சேலை, கைலி, கோடாலித் தைலம், மைலோ டப்பா, டார்ச் விளக்கு, கடிகாரம், டிரான்சிஸ்டர் ரேடியோ என்று உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று உள்ளே இருக்கும். பக்கத்து வீட்டார் தம் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலமும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தோட்டத்திலும் கடையிலும் உழைத்ததன் பலன் அது. அந்தப் பெட்டிகளைத் திறந்து, சாமானை எடுத்து வெளியே வைத்து, மறுபடி அடுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அடுக்கும்போதே சுங்கம் கேட்கக்கூடிய பொருள்களை மேலே வைத்து, வாங்கிய ரசீதுகளைக் கையில் வைத்திருந்தவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்தவர்கள், அதற்குள் இருந்ததற்கும் தாமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. தங்கம் தனி விவகாரம். 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்படும் வரை தங்கத்தின் மேல் அரசின் கண் மிகக் கடுமையாக இருந்தது.

சுங்கம் முடிந்தவர் ரயிலைத் தேடினார். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860களிலேயே ரயில்பாதை அமைந்துவிட்டது. சென்னையில் இறங்கியவருக்கு எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகச் செல்லும் கார்டு பாதையில் அரியலூர் நிலையம் இருந்தது. பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. ஆகவே திருச்சியோ அரியலூரோ வந்து, பெட்டிகளைப் பேருந்தின் கூரைக்கு ஏற்றி, பெரம்பலூரில் இறக்கி, வேறு பேருந்துக்கு மாற்ற வேண்டும். கப்பலிலிருந்து வீடு வரும் வரை ஒரு பெட்டி ஐந்தாறு முறை ஏறி இறங்கும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டவர்கள் ஒரே பெரிய பெட்டியை விட்டு, ஒருவர் தூக்கக்கூடிய இரண்டு பெட்டிகளாகக் கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கப்பல் போக்குவரத்தின் முடிவு துயரமானது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் வங்காள விரிகுடாவில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்தக் கப்பல் ஓடவில்லை; தமிழகத்துக்கும் மலேசியாவுக்கும் இடையிலான வழக்கமான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அதோடு முடிந்தது. ஊர் திரும்புதல் விமானத்துக்கு மாறியது.

கப்பல் இப்போது உல்லாசப் பயணமாகத் திரும்பியிருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவற்றைத் தொட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, 2012இல் திறக்கப்பட்ட மரினா பே பயணக்கப்பல் நிலையத்திலிருந்து சில நாள் கப்பலில் அழைத்துப்போக முடிகிறது. பெற்றோருக்கு இன்றைய கப்பல்களின் இறங்குமுறை புதிதாக இருக்கும்.

பயணத்தின் கடைசி நாளில் ஒவ்வோர் அறைக்கும் வண்ணமோ எண்ணோ குறித்த அட்டைகள் வரும். கப்பல் ஊழியரிடம் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டையைக் கட்ட வேண்டும். அன்று இரவு, கப்பல் அறிவிக்கும் நேரத்துக்குள் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் ஊழியர் எடுத்துப் போவர். காலையில் நிலையத்தின் கூடத்தில் அதே வண்ணம், அதே எண் கொண்ட பெட்டிகள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் தானே இழுத்துச் செல்ல முடிந்தவர்களைப் பல கப்பல்கள் முதலில் இறங்க விடுகின்றன. படியும் கூட்டமும் தொல்லையாக உள்ள முதியவர்களுக்கு, பெட்டியை முதல் நாளே கொடுத்துவிடுவதுதான் நல்லது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.

இரவில் பெட்டியை வெளியே வைக்கும் முன் கைப்பையில் எடுத்து வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட், பயணக் காகிதங்கள், பணம், நகை, கைப்பேசியும் அதன் சார்ஜரும், அன்றாட மருந்துகள், மூக்குக்கண்ணாடி, காலையில் உடுத்தும் உடை, செருப்பு. உடுப்பு முழுவதையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டால் இரவு உடையோடுதான் இறங்க வேண்டிவரும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு வேளைக்கான அளவையாவது கையில் வைத்திருக்க வேண்டும். சில கப்பல்கள் பயணம் முழுவதும் பாஸ்போர்ட்டைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும். அதை மறக்காமல் திரும்பப் பெற வேண்டும். கப்பலில் செய்த செலவுகளின் கணக்கையும் அன்றிரவே சரிபார்ப்பது நல்லது. காலையில் அதற்கான வரிசை நீளமாக இருக்கும்.

இறங்கும் காலை முறையாக நடக்கும். ஒவ்வொரு குழுவாக அழைக்கும் வரை பயணிகள் கூடங்களில் காத்திருக்கலாம். வாசலில் பயணியின் அடையாளமான கப்பல் அட்டையைக் கடைசி முறையாகப் பதிவு செய்துவிட்டு வெளியேற வேண்டும். பிறகு பெட்டியை எடுக்கும்போது நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். பெட்டி உடைந்திருந்தாலோ காணவில்லை என்றாலோ, நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுப்பது அவசியம்.

உள்நாட்டுப் பயணத்துக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது. வெளிநாட்டுத் துறையைத் தொட்டு வந்தால் உண்டு. 1962இன் சுங்கச் சட்டம், 77ஆம் பிரிவின்படி, பெட்டியில் உள்ளதைப் பயணிதான் அறிவிக்க வேண்டும். 2016இன் விதிகள் இந்தியாவில் குடியிருப்பவர் பெரும்பாலான நாடுகளிலிருந்து கொண்டுவரும் பொருளுக்கு ₹50,000 வரை தீர்வை விலக்கு தந்தன. தட்டைத் திரைத் தொலைக்காட்சியும் ஆபரணமல்லாத தங்கமும் அந்த விலக்கில் சேரவில்லை. வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்வை கட்ட விரும்பாதவருக்கு 80ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. பொருளை ஒளிக்காமல் அறிவித்து, சுங்கத்திடம் ஒப்படைத்து, மறுபடி வெளிநாடு போகும்போது திரும்பப் பெறுமாறு கேட்கலாம். மறைத்துப் பிடிபட்டால் பொருளும் போகும், தண்டமும் விழும்.

தரையில் நின்ற பிறகும் உடல் சிறிது நேரம் ஆடுவது போலத் தோன்றும். கடலின் அசைவுக்குப் பழகிய காதின் சமநிலை உறுப்பும் மூளையும் நிலத்துக்கு மறுபடி பழக நேரம் எடுப்பதே காரணம். பெரும்பாலோருக்கு இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சரியாகிவிடும். கனமான பெட்டியோடு படி ஏறுவதையும் தாமே வண்டி ஓட்டுவதையும் அந்த நேரத்தில் தவிர்ப்பது நல்லது. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரம்பலூர் சுமார் 270 கிலோமீட்டர். துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கி, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போனால், பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சிப் பேருந்துகள் கிடைக்கும். எழும்பூரில் ரயில் ஏறி அரியலூரில் இறங்குபவர்கள் அங்கிருந்து பேருந்தில் பெரம்பலூர் வரலாம். இரண்டு வழியிலும் பெரம்பலூரிலிருந்து பூலாம்பாடிக்குப் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். நிறையப் பெட்டிகள் இருந்தால் துறைமுகத்திலேயே வாடகைக் காரை ஏற்பாடு செய்துகொள்வது முதியவர்களுக்கு ஏற்றது. கப்பல் குறித்த நேரத்துக்கு வந்தாலும் பெட்டி கைக்கு வரத் தாமதம் ஆகலாம் என்பதால், அன்றைய மதியத்துக்கு முந்திய ரயிலில் முன்பதிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டிகளை எண்ணி ஏற்ற வேண்டும். புறப்பட்ட எண்ணிக்கையும் வீட்டுத் திண்ணையில் இறக்கிய எண்ணிக்கையும் ஒத்திருந்தால்தான் கப்பல் பயணம் முழுதாக முடிந்தது.