எந்தப் பொட்டியிலும் ஓடணும்!

எங்கள் குடும்பம் இப்போது நாலு ஊரில் கிடக்கிறது. அம்மா கும்பகோணத்தில். தம்பி நொய்டாவில். அத்தை ஜாம்ஷெட்பூரில். நான் புனேயில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு ஒரு விதமான கணினி. தம்பி மேக் ஆசாமி. அத்தை வீட்டு மாமாவோ, ரிட்டயர் ஆன கையோடு வாங்கிய விண்டோஸ் 7 கணினிக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். (மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அதைக் கைகழுவிவிட்டது என்று சொன்னால், "வண்டி ஓடுதா இல்லையா?" என்பார்.) அம்மாவுக்குக் கணினியே கிடையாது. டிவிக்குப் பின்னால் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பதோடு சரி. இவர்கள் எல்லோருக்கும் ஒரே வீடியோ போகணும், எல்லோரும் பார்க்கணும் என்றால் எந்த ஃபார்மேட்டில் அனுப்புவது?

சும்மா பொழுதுபோகாமல் வந்த கேள்வி இல்லை. 2004-ல் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. வீடியோக்காரர் மூன்று விசிடி கொடுத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மந்திரம், மேளம், பேச்சு எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். மூன்றாவது டிஸ்கில், பந்தி நடக்கிற இடத்தில் மட்டும் பாட்டுப் போட மறந்துவிட்டார், புண்ணியவான். அங்கே அப்பா வரிசை வரிசையாக நடந்துகொண்டே "இந்த இலைக்கு ரசம் வரலையே... யாருப்பா அங்க?" என்று குரல் கொடுப்பார். மொத்தமே ஒரு நிமிஷம் இருக்கும். அப்பா 2019-ல் போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. போட்டோவுக்கு வந்து நிற்பார், போனில் பிடிக்கப் போனால் நகர்ந்துவிடுவார்.

போன தீபாவளிக்கு அத்தை போனில், "ஏண்டா, அண்ணன் பேசுவாரே, அந்த கேசட்டு இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு டிஸ்க்கும் கேசட்டுதான். டிஸ்க் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் எங்கள் நாலு வீட்டிலும் ஒரு பிளேயர் இல்லை.

ஃபார்மேட் விஷயத்தில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும் இல்லையா? வீடியோவும் அப்படித்தான். எம்பி4, ஏவிஐ, எம்கேவி, எம்ஓவி என்று பெயருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெறும் பாட்டில். உள்ளே இருக்கிற சரக்கு, அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கிய முறை, வேறு சமாச்சாரம். அதற்குப் பெயர் கோடெக். ".எம்பி4-தான் அனுப்பினேன், ஓடலைங்கிறான்" என்று பலர் புலம்புவதன் ரகசியம் இதுதான். பாட்டில் தெரிந்த பாட்டில்தான். உள்ளே இருப்பது அந்தக் கணினிக்குத் தெரியாத சரக்கு.

இதற்கு நேரடி உதாரணம் வீட்டிலேயே கிடைத்தது. பெண்ணின் டான்ஸ் ப்ரோக்ராமை ஐபோனில் எடுத்து மாமாவுக்கு அனுப்பினோம். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பு என்றார். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் எச்.265 என்கிற புது முறையில் பதிவு செய்கின்றன. எச்இவிசி என்றாலும் அதுதான். பாதி இடத்தில் அதே தரம், நல்ல விஷயம்தான். ஆனால் விண்டோஸ் 7-க்கு அது என்னவென்றே தெரியாது. விண்டோஸ் 10-லும்கூடப் பல கணினிகளில் தனியாக ஒரு துணுக்கை நிறுவினால்தான் படம் தெரியும். கேமரா செட்டிங்ஸில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் மாமாவிடமிருந்து புகார் இல்லை.

"எதுக்கு இவ்வளவு? விஎல்சி போட்டுக்கச் சொல்லுடா, எல்லாம் ஓடும்" என்றான் தம்பி. வாஸ்தவம். 1996-ல் பாரிஸில் மாணவர்கள் ஒரு ப்ராஜெக்டாக ஆரம்பித்தது, இன்றைக்கு ஓடாத வீடியோவை எல்லாம் ஓட்டுகிறது, அதுவும் இலவசமாக. என் கணினியில் முதலில் ஏற்றுவது அதைத்தான். ஆனால் எழுபத்திநாலு வயது அத்தைக்கு போனிலேயே அதை நிறுவச் சொல்லிப் பாருங்கள். "பச்சையா டவுன்லோடுன்னு பெருசா மின்னுதுடா, அமுக்கட்டுமா?" என்பார். அது விளம்பரமாக இருக்கும். பெரியவர்களுக்கு அனுப்புகிற வீடியோ ரெண்டு தடவை க்ளிக் பண்ணினால் ஓட வேண்டும். மெனக்கெட வேண்டியது அனுப்புகிறவன்தான்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது: பாட்டில் எம்பி4, படம் எச்.264, ஒலி ஏஏசி. எச்.264 வந்தது 2003-ல், அப்பாவின் அறுபதுக்கு ஒரு வருஷம் முன்னால். புதுசாக ஒன்றும் இல்லை, பழைய ஆள். அதனால்தான் விண்டோஸ் 7-ல் உள்ள மீடியா பிளேயர், மேக், ஆண்ட்ராய்ட், ஐபோன், அம்மாவின் டிவி எல்லாவற்றுக்கும் அதைத் தெரிந்திருக்கிறது. எச்.265, ஏவி1 எல்லாம் சுருக்குவதில் கெட்டிக்காரர்கள்தான். என் பிரச்சினை இடம் இல்லையே. ஒரு விசிடியே எழுநூறு சொச்சம் எம்பிதான்.

வேலை இப்படி நடந்தது. விசிடிக்குள் எம்பிஇஜிஏவி என்றொரு ஃபோல்டர், அதில் .டாட் கோப்புகள். உள்ளே இருப்பது 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட எம்பெக்-1 படம். முதல் இரண்டு டிஸ்க்கும் சமர்த்தாக நகலானது. மூன்றாவது பாதியில் நின்றது, அதுவும் பந்திக்கு முன்னால். விசிடியில் அதிக நேரம் பதிய வேண்டும் என்பதற்காகப் பிழைதிருத்தத்துக்கான இடத்தைக் குறைத்திருப்பார்கள். அதனால் டேட்டா சிடி தாங்குகிற கீறலை இது தாங்காது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன் (வட்டமாகத் துடைக்கக் கூடாது). பிரயோஜனம் இல்லை. ஆபீஸ் நண்பரின் பரணில் கிடந்த பழைய டிவிடி ரைட்டரை வாங்கி வந்து போட்டேன். முக்கி முனகி, நாற்பது நிமிஷத்தில் படித்துக் கொடுத்தது. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும், டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மாற்றியது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில். தரத்துக்கான எண் 18 வைத்தேன். எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெருக்கும். படத்தைப் பெரிதாக்கவில்லை. இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் கொண்டுவராது. அகல டிவிக்கு என்று இழுத்தும் விடவில்லை. சிலர் இழுத்துவிட்டு அப்பாவை இரண்டு சுற்றுப் பெருக்க வைத்துவிடுகிறார்கள் :-)

மூல டாட் கோப்புகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கொஞ்சம் தரம் போகும். நாளைக்கு வேறு ஃபார்மேட் வேண்டுமென்றால் மூலத்திலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு நகல் என் வெளி டிஸ்க்கில், ஒன்று நொய்டாவில்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினேன், இல்லையென்றால் அது தன் பங்குக்கு இன்னொரு தடவை நசுக்கிவிடும். அம்மாவுக்குப் பென் டிரைவ் கூரியரில் போனது.

அத்தை அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்று மாமாதான் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பின்னாடி நீலப்புடவை யாரு, கொல்லுமாங்குடி பெரியம்மாவா?" என்று மட்டும் கேட்டார். அவரேதான்.

இப்போது தம்பி தன் கல்யாண டிவிடிகளை அனுப்பியிருக்கிறான். 2009, நாலு டிஸ்க். அது எம்பெக்-2. ஆள் நகர்ந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது, டீஇன்டர்லேஸ் போட்டுத்தான் மாற்றணும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போச்சு.