குழாய் விடும் முன் யோசித்தவர்களுக்கு

எண்டோஸ்கோபிப் பிரிவின் டாக்டர்கள், சிஸ்டர்கள், டெக்னீஷியன்கள் அனைவருக்கும்,

அரிவாள் செல் சோகை உள்ள என் தங்கையின் பித்தநாளத்தில் அடைத்திருந்த கல்லை எடுத்து அனுப்பினீர்கள். டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்துச் சீட்டு, பஸ் நேரம் என்று ஓடியதில் நன்றியைச் சரியாகச் சொல்லவில்லை. இந்த நோயோடு வாழும் மற்ற வீட்டாரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

அவளுக்குக் கண் எப்போதுமே லேசான மஞ்சள்தான். மற்றவர்களுக்கு 120 நாள் தாங்கும் சிவப்பணு, அவளுக்கு 10, 20 நாளில் உடைந்துவிடுகிறது. உடைந்ததிலிருந்து வரும் பிலிருபின்தான் கண்ணில் தெரிகிறது. பித்தப்பையில் கறுப்புக் கல்லாகப் படிவதும் அதுவே. வயிறு வலித்தால் 'அரிவாள் செல் வலி, கிரைசிஸ்', கண் மஞ்சளானால் 'அவளுக்கு வழக்கம்தானே' என்பதுதான் போன இடமெல்லாம் கிடைத்த பதில். உங்கள் சிஸ்டர் ஒருவர்தான் கட்டிலருகே வந்து, "வெளிக்குப் போறது என்ன கலர்ல இருக்கும்மா?" என்று கேட்டார். களிமண் மாதிரி வெளுத்துப் போகிறது, சிறுநீர் கட்டன்சாயா நிறம் என்றாள். ரத்தம் உடைவதால் மட்டும் வரும் மஞ்சளில் மலம் வெளுக்காது, பித்தம் குடலுக்கு வந்து சேராவிட்டால்தான் வெளுக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

அப்படியும் நீங்கள் உடனே எண்டோஸ்கோபிக் குழாயைக் கையில் எடுக்கவில்லை. ஈரலின் நுண்குழாய்களில் அரிவாள் செல்கள் சிக்கிக்கொண்டாலும் இதேபோல மஞ்சள் ஏறுமாம், அதற்கு ஈ.ஆர்.சி.பி. என்ற இந்தக் குழாய்ச் சிகிச்சை செய்து பயனில்லை. நூற்றில் ஐந்து பேர் அளவுக்குக் கணைய அழற்சி வரக்கூடிய சிகிச்சை வேறு. அல்ட்ராசவுண்ட், பிறகு எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் என்று பார்த்து, நாளம் விரிந்து அடியில் கல் நிற்பது உறுதியான பிறகே தேதி குறித்தீர்கள். என் கணக்கில், கல்லை எடுத்ததைவிட இந்தப் பொறுமைக்குத்தான் பெரிய நன்றி.

வெறும் வயிற்றில் உடம்பு வறண்டால் செல்கள் வளையும் என்று இரவு முழுக்க டிரிப் ஓடியது. குளிரும் ஆகாது. டெக்னீஷியன் ஏ.சி.யை அணைத்துவிட்டு, அவளுக்குக் கம்பளியும் சாக்ஸும் போட்டுவிட்டார். மயக்கம் ஏறுமுன் அவள் கடைசியாகப் பார்த்தது எக்ஸ்ரேக்கான ஈய அங்கிக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்த டாக்டரை. இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்!

வாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கம்வரை போய், பித்தநாளத்தின் வாயைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தி, பலூனால் கல்லைக் குடலுக்குள் இழுத்துவிட்டிருக்கிறீர்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. ஜப்பானில் கவாயும் ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் இருவரும் 1974-இல் இந்த வெட்டு முறையை வெளியிடும்வரை, நாளத்துக் கல்லுக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சு அடைத்துக்கொள்ளும் ஆபத்து அரிவாள் செல்காரர்களுக்கு அதிகம் என்பதால், அந்த மூவருக்கும் சேர்த்தே இந்த வணக்கம்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் இருப்பதை 1952-இலேயே லேமனும் கட்புஷும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் மலையிறங்கி எந்த கவுன்டரில் நின்றாலும் நோயின் பெயரை நாங்கள்தான் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பித்தப்பை இருக்கும்வரை கல் மறுபடி இறங்கலாம் என்றீர்கள். லேப்ராஸ்கோப்பியில் அதையும் எடுத்துவிட அவள் சம்மதித்துவிட்டாள். நாளத்தில் வைத்திருக்கும் ஸ்டென்ட்டை எடுக்க வரச் சொன்ன தேதியைக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறோம், தவறாமல் வருவோம்.

அரிவாள் செல் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கண் வழக்கத்தைவிட மஞ்சளானால் மலம், சிறுநீர் நிறத்தையும் பாருங்கள். கூடவே காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் நாட்டு மருந்துக்குப் போய் நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், ஓ.பி. சீட்டோடு அரிவாள் செல் கார்டையும் முதலில் நீட்டுங்கள்.


ஓர் அண்ணன்,
கூடலூர், நீலகிரி