கானும் காம்பராவும்

எங்கள் மலையக ஊரான அக்கரப்பத்தனையில் மழை என்றால் எனக்கு அப்பாவின் காதுதான் ஞாபகம். தகரத்தில் மழை இரையும்போதும், லயத்துக்குப் பின்னால் கானில் ஓடும் தண்ணி அவருக்குத் தனியாகக் கேட்கும். "சத்தம் கொறஞ்சிருச்சு, மேல எங்கயோ அடைச்சிருக்கு" என்று மண்வெட்டியைத் தூக்குவார். "இந்த இருட்டுல எங்க போறீங்க?" என்று அம்மா கேட்பதற்குள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பார்.

தோட்டத்தில் அவருக்குக் கான் வெட்டு, மழைத் தண்ணி வடியும் வாய்க்கால் வெட்டும் வேலை. தேயிலைச் சரிவில் குறுக்காக, லேசான வாட்டத்தோடு இழுக்க வேண்டும். வாட்டம் கூடினால் தண்ணி கானையே அறுத்துவிடும். குறைந்தால் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். அப்படி ஊறிக் கனத்த மண்தான் அடியிலிருக்கும் பாறையில் வழுக்குகிறது. துரைமார் கான் வெட்டச் சொன்னது தேயிலைக்கு மண் மிஞ்ச வேண்டும் என்று. கீழே லயத்தில் கிடந்தவர்களும் அதனால் பிழைத்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சீமைப் பெயர்: ஹோல்புறூக், டொரிங்டன், பெல்மோரல், கிளாஸ்கோ. பங்களா மேட்டில், வெளிச்சத்தில். தொழிலாளர் குடியிருக்கும் லயம், சரிவை வெட்டிச் சமமாக்கிய இடத்தில், காம்பரா என்கிற அறைகள் பல ஒரே கூரையின் கீழ், முதுகுக்குப் பின்னால் மண்சுவர். இடம் பார்த்தவர் யாரும் அங்கே படுத்துறங்கப் போகிறவர் இல்லையே.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வர வீடு இல்லை. ரேடியோவில் கேட்டுவிட்டு அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஊத்துத் தண்ணி கலங்கி வந்துச்சாமா?" ஊற்று கலங்குவது, புதிதாகக் கசிவது, மரம் சாய்வது, சுவர் வெடித்துக் கதவு இறுகுவது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அறிகுறிகளை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அதே நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று சொல்லித்தான் இருந்தது. சொன்னார்களே, ஏன் போகவில்லை என்று கொழும்பில் கேட்டார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வரும் கேள்வி அது. காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுடையது. காம்பராகூட நம் பேரில் இல்லாதபோது எந்த மேட்டுக்குப் போவது?

கானுக்கே வருகிறேன். இப்போது தோட்டத்தில் ஆள் குறைவு. கொழுந்து எடுக்கவே ஆள் போதாது, கானை யார் பார்ப்பது? தூர்ந்து, மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்க மலைகள் எத்தனையோ இடத்தில் அறுந்தன. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள்.

இப்போது எச்சரிக்கை ஃபோனுக்கே வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 150 தாண்டினால் வெளியேறு. சனமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போகத்தான் செய்கிறது. மழை விட்டால் வகுப்பைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும். ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொன்ன பட்டியலில் பேர் வந்த குடும்பங்கள் கொஞ்சம். மிச்சப் பேர் அதே காம்பராவுக்குத்தான் இறங்குகிறார்கள், விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே.